இரண்டாவது அடுப்பு

எது எந்த வருஷம் நடந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சிலிண்டர் விலையைச் சொல்லுங்கள், அப்போது எங்கள் வீட்டில் யாருக்கு யாரோடு சண்டை, யார் யாரோடு பேசவில்லை என்பதுவரை சொல்லிவிடுவேன். முந்நூற்றுச் சொச்சத்தில் எனக்குக் கல்யாணம் நடந்தது. நானூறு கொடுத்துக்கொண்டிருந்தபோது மகள் பள்ளிக்கூடம் போனாள். எழுநூறைத் தாண்டியபோது மாமனாருக்குத் தனி அடுப்பு வைத்தேன். ஆயிரத்தைத் தாண்டியபோது அந்த அடுப்பில் அவரே பொங்கித் தின்னட்டும் என்று விட்டுவிட்டேன்.

திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை வில்லியனூர் மார்க்கெட்டுக்கு இருநூறு ரூபாயோடு போய் ஒரு வாரத்துக் காய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டுத் திட்டுங்கள். புதுசாகக் கல்யாணமாகி வந்தபோது ஐம்பது ரூபாயில் கூடை நிறைந்து, மேலே கொத்தமல்லியும் கருவேப்பிலையும் சும்மா கிடைக்கும். இப்போது கருவேப்பிலை கேட்டால் கடைக்காரன் என் முகத்தைப் பார்க்கிறான்.

எங்கள் ஊர் வில்லியனூருக்கு மேற்கே, கோயிலைச் சுற்றி அறுபது எழுபது கிறிஸ்தவக் குடும்பங்கள் உள்ள சின்ன ஊர். நான் திருபுவனையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். காலையில் வேன் வரும், சாயங்காலம் அதே வேனில் கொண்டுவந்து கொட்டும். வீட்டுக்காரர் சென்ட்ரிங் வேலை. வாரத்தில் நாலு நாள் இருக்கும், மழை பிடித்தால் அதுவும் இருக்காது. ஒரே மகள். பிறகு மாமனார்.

மாமனார் கரும்பு வெட்டிய ஆள். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். மாமனார் நல்ல உயரம், பெரிய குரல். குழம்பில் உப்பு குறைந்தால் தெருவுக்கே கேட்கும்படி சொல்லுவார். வெட்டுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தால் மூன்று ஆள் சோறு சாப்பிடுவார். எனக்கு அப்போது அது பெருமையாகக்கூட இருந்தது, ஏனென்றால் அரிசி அப்போது அரிசி விலையில் இருந்தது. எழுபதைத் தொட்டதும் முழங்கால் போயிற்று, வேலையும் போயிற்று. சோறு மட்டும் குறையவில்லை.

எங்கள் ரேஷன் கார்டு மஞ்சள் கார்டு. நான் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறேன், பி.எஃப். பிடிக்கிறார்கள், அதனால் நாங்கள் வசதியான குடும்பமாம். ஏழைகளுக்குச் சிவப்பு கார்டு. அதில் அரிசி கூடுதல், சில சமயம் அரிசிக்குப் பதில் கணக்கில் பணம், கூடவே எத்தனையோ சலுகை. எங்கள் தெருவில் வயதானவர்கள் இருந்த வீடுகளில் எல்லாம் ஒவ்வொன்றாகக் கார்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கிழவரையோ கிழவியையோ தனிக் குடும்பம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அவர்கள் பேருக்குச் சிவப்பு கார்டு வரும், முதியோர் பணத்துக்கும் மனு போடலாம். ஒன்றே ஒன்றுதான், விசாரணைக்கு ஆள் வருவார். தனி அடுப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்.

அடுப்புதானே, வைத்துவிட்டால் போயிற்று என்றேன் நான். வீட்டுக்குப் பின்னால் மாடு இருந்த காலத்துக் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. அதில் ஒரு கயிற்றுக் கட்டில் போட்டேன். மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்தேன். ஒரு சோற்றுப் பானை, ஒரு குழம்புச் சட்டி, ஒரு தட்டு, உப்பு டப்பா, கொஞ்சம் மிளகாய், நாலு வெங்காயம். பானை பளபளவென்று இருந்தால் சந்தேகப்படுவார்கள் என்று இரண்டு நாள் தென்னை மட்டையை எரித்துப் பானைக்குக் கரி ஏற்றினேன். இந்த மூளையைப் படிப்பில் காட்டியிருந்தால் நானும் ஒரு ஆபீசில் உட்கார்ந்திருப்பேன்.

அடுப்பு தயார், மாமனார் தயாராகவில்லை. விசாரணைக்கு வருகிறவர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாளும் சொன்னேன்.

"எம்புள்ள சோறு போடலன்னு நான் எப்டிம்மா சொல்லுவேன்? அவன் போட்டுகினுதானே இருக்கான்" என்றார்.

"நெசமாவா சொல்லச் சொல்றேன்? ஒரு வார்த்த சொல்லிட்டு உள்ள வந்து சாப்டுங்க மாமா. உங்க பேத்திக்கு ஃபீசு கட்ட வேணாமா?"

"ஊருக்குள்ள யாருனா கேட்டா?"

"ஊரே இதத்தான் பண்ணிகினு கீது. யார் கேக்கறது?"

அவர் மகனைப் பார்த்தார். வீட்டுக்காரர் பல் குத்திக்கொண்டு தொலைக்காட்சியைப் பார்த்தார். எங்கள் வீட்டில் பேச வேண்டிய பேச்சையெல்லாம் நான்தான் பேச வேண்டும், கெட்ட பேரும் நான்தான் வாங்க வேண்டும்.

விசாரணைக்கு வந்தவர் சின்ன வயசுப் பையன்தான். வெயிலில் வந்த களைப்பு. கொட்டகையை எட்டிப் பார்த்தார், பானையைப் பார்த்தார். "பையன் கவனிக்கறதில்லையா?" என்று கேட்டார். மாமனார் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"எம்புள்ள எனக்குச் சோறு போடறதில்லைங்க" என்றார்.

சொல்லிக் கொடுத்ததைவிட நன்றாகவே சொன்னார். வந்தவர் எழுதிக்கொண்டு பக்கத்து வீட்டில் விசாரித்தார். பக்கத்து வீட்டுக்காரி என்னைவிட நாலைந்து வயசு சின்னவள், என்னை அக்கா என்பாள். அவளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். "ஆமாங்க, பாவம், பெரியப்பா தனியாத்தான் பொங்கித் தின்றாரு" என்று அவள் சொன்னது எனக்கு அடுப்படிவரை கேட்டது.

அன்று மத்தியானம் வஞ்சிரம் வாங்கி வறுத்தேன். "நல்லா நடிச்சீங்க மாமா" என்று சிரித்துக்கொண்டே தட்டு வைத்தேன். மகளும் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் பிறகு சாப்பிட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. யாருக்காக இவ்வளவும் செய்கிறேன் என்று நினைத்தேன்.

கார்டு வந்தது. ஆறேழு மாதத்தில் முதியோர் பணமும் வந்தது. பாஸ்புக்கும் ஏ.டி.எம். கார்டும் என் பீரோவில்தான். மாதத்துக்கு ஒரு தடவை வில்லியனூரில் இறங்கி எடுத்துக்கொண்டு வருவேன். அவருக்கு வெற்றிலை பாக்குக்குக் கொடுப்பேன். மீதி மகளின் வேன் காசுக்கும் டியூஷனுக்கும் போகும். என் கைக்கு ஒரு புடவைகூட அதிலிருந்து வரவில்லை. கோயிலில் வேண்டுமானால் சத்தியம் பண்ணுவேன்.

அவர் எங்களோடுதான் சாப்பிட்டார். கொட்டகையில் பானை காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. அப்போதுதான் இன்னொரு தெருவில் மறுபடியும் வந்து பார்த்து யாருடைய கார்டையோ பிடுங்கிவிட்டார்கள் என்று பேச்சு வந்தது. அடுப்பில் சாம்பல்கூட இல்லையாம், கண்டுபிடித்துவிட்டார்களாம். "காலையில ஒரு டீய அங்கயே போட்டுக்குங்க மாமா, அடுப்பு எரிஞ்ச மாதிரி இருக்கட்டும்" என்றேன். போட்டுக்கொண்டார். கொஞ்ச நாளில் பாலும் விலை ஏறியது. காலை டீ அங்கேயே ஆகிவிடுகிறதே, சாயங்கால டீயும் அங்கேயே ஆகட்டும் என்று ஒரு பாக்கெட் பாலை நிறுத்தினேன். அவர் பாலில்லாமல் வரட் டீ போட்டுக் குடித்தார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை.

ஒரே நாளில் செய்திருந்தால் எனக்கே உறைத்திருக்கும். தக்காளி நூறைத் தாண்டியபோது ராத்திரிக்குக் குழம்பு கிடையாது என்று சட்டம் போட்டேன். கடலை எண்ணெய் ஏறியபோது பாமாயிலுக்கு மாறினோம், அவருக்கு அதில் நெஞ்சு கரித்தது. "அப்ப உங்களுக்கு வேண்டியத அங்கயே கொஞ்சமா காச்சிக்குங்க" என்றேன். ராத்திரிச் சாப்பாடு அப்படித்தான் கொட்டகைக்குப் போனது. சிலிண்டர் ஆயிரத்தைத் தொட்டது. ஒரு சிலிண்டரை ஐம்பது நாள் ஓட்ட வேண்டும் என்று அடுப்படியில் பென்சிலால் கோடு கிழித்தேன்.

கடைசியில் முட்டை. ஒரு மத்தியானம் மூன்றுதான் இருந்தது. பரீட்சைக்குப் படிக்கிற மகளுக்கு ஒன்று, சென்ட்ரிங் பலகை தூக்குகிற வீட்டுக்காரருக்கு ஒன்று, மூன்றாவதை மறுநாள் மகளின் டிபனுக்கு வைத்தேன். மாமனார் தட்டைப் பார்த்தார். பிறகு மகளின் தட்டைப் பார்த்தார். வேறு ஒன்றும் செய்யவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். அன்று எனக்குக் கம்பெனியில் இரண்டு நாள் சம்பளம் வெட்டியிருந்தார்கள்.

"முட்ட இன்னா வெலன்னு தெரியுமா மாமா? உக்காந்து தின்றவங்களுக்கு எப்டித் தெரியும்?" என்றேன்.

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். கடித்துக்கொள்ளவில்லை. சொன்னது சரி என்றுதான் நின்றேன். அவர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பின்வாசல் வழியாக இறங்கிக் கொட்டகைக்குப் போனார். மறுநாள் காலையில் அங்கே புகை வந்தது. மத்தியானமும் வந்தது.

"இன்னாவாம் உங்க அப்பாவுக்கு?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"அவருக்கு அதான் புடிச்சிருக்குது போல, வுடு" என்றார்.

விட்டேன். கார்டு அரிசியில் மாதத்துக்குப் பத்துக் கிலோவை அளந்து ஒரு டின்னில் கொடுத்தேன். பருப்பு கால் கிலோ. மீதி அரிசி எங்கள் பானைக்கு வந்தது. மகள் சில நாள் கிண்ணத்தில் குழம்பு எடுத்துக்கொண்டு பின்பக்கம் போவாள். "அவருக்குத் தனியா வருது, உன் வேலையப் பாருடி" என்று அதட்டினேன். அவருக்குத் தனியாக வருவது என் பீரோவுக்கு வருகிறது என்று அவளுக்குத் தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அந்தப் பார்வைக்கு அவளை அறைந்தேன்.

இப்படியே இரண்டு வருஷம் போனது. ஊரில் யாரும் கேட்கவில்லை. கேட்டால் கார்டுக்காகத்தான் என்று கண்ணடித்துச் சொல்ல நான் தயாராக இருந்தேன். நிஜமாகவே வேஷம்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன்.

மார்ச் மாதம் வந்தால் எங்கள் பக்கத்தில் இயேசுவை வளர்த்த சூசையப்பர் பேரில் விருந்து வைப்பார்கள். வேண்டுதல் வைத்தவர்கள் ஒரு கிழவர், ஒரு பெண், ஒரு சின்னப் பிள்ளை, மூன்று பேரைக் கூப்பிட்டு, சூசையப்பர், மாதா, குழந்தை இயேசுவாக நினைத்து உட்கார வைப்பார்கள். காலைக் கழுவி, மாலை போட்டு, வயிறு நிறையச் சோறு போட்ட பிறகுதான் மற்றவர்கள் சாப்பிட வேண்டும். யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுவிட முடியாது. கதியில்லாதவர்களாக, சோறு போட ஆளில்லாதவர்களாகப் பார்த்துக் கூப்பிட வேண்டும். அப்போதுதான் நேர்ச்சை சேரும்.

பக்கத்து வீட்டுக்காரியின் தம்பிக்குப் பிரான்சுக்கு விசா கிடைத்திருந்தது. ஒரு சாயங்காலம் நான் வேனிலிருந்து இறங்கி வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தாள். எப்போதும் பின்பக்கமாக வருகிறவள்.

"அக்கா, வர்ற புதன்கெழம எங்க வூட்ல சூசையப்பர் விருந்து. நீங்க எல்லாரும் வந்துடணும்."

"வர்றோம்மா."

"பெரியப்பாவத்தான் சூசையப்பரா உக்கார வைக்கலாம்னு கீறோம். அவருகிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்டயும் ஒரு வார்த்த கேக்கணும்ல."

"அவருக்குப் புள்ள கீறான், வூடு கீது. ஆளில்லாத கெழவனா பாத்துக் கூப்புடு" என்றேன்.

அவள் சண்டைக்கு வரவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "இந்த ஊர்ல அவரவிட யாருக்கா ஆளில்லாம கீறாங்க? நானும் எங்க வூட்டுக்காரரும் உக்காந்து யோசிச்சிப் பாத்துட்டுத்தான் வந்தேன்" என்றாள்.

அவள் போனதும் நேராகக் கொட்டகைக்குப் போனேன். மாமனார் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. எப்போது ஒட்டியது என்று எனக்குத் தெரியவில்லை.

"மாமா, அங்க போவாதீங்க. மானம் போயிடும். அன்னிக்கு நான் இங்கயே வட பாயசத்தோட சமைக்கிறேன்."

"நேர்ச்ச சோத்த வேணாம்னு சொல்லக் கூடாதும்மா" என்றார். மறுபடியும் அரிசியைப் பார்த்தார்.

புதன்கிழமை லீவு போட்டேன். போகாமல் இருந்தால் ஊர் என்ன சொல்லும் என்று பயம், போனால் என்ன சொல்லும் என்றும் பயம். கடைசியில் நானும் வீட்டுக்காரரும் போனோம். மகள் வரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொன்னார். மாமனார் சவரம் பண்ணி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரன் தாம்பாளத்தில் அவர் காலை வைத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினான். பாதம் முழுக்க வெடிப்பு. துண்டால் விரல் இடுக்குகளைக்கூடத் துடைத்துவிட்டு, குனிந்து முத்தம் கொடுத்தான். என் வீட்டுக்காரர் சுவரோரமாக நின்று தன் கைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இலை போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி சோற்றுக் கரண்டியை என்னிடம் நீட்டி, "நீங்களும் ஒரு கரண்டி போடுங்கக்கா, புண்ணியம்" என்றாள். குத்திக் காட்டினாளா, நல்ல மனதோடு சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போட்டேன்.

அவர் சாப்பிட்டதை நான் சொல்லியாக வேண்டும். தலை நிமிரவே இல்லை. சாம்பார் சோறு முடிந்ததும் இலையை வழித்தார். மறுபடி போட்டேன். வத்தக் குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று ஒவ்வொரு தடவையும் கையால் இலையில் இடம் காட்டினார். மாதாவாக உட்கார்ந்த பெண்ணும் குழந்தை இயேசுவாக உட்கார்ந்த பையனும் கை கழுவிவிட்டுக் காத்திருந்தார்கள். கூடம் நிறைய ஆட்கள். இரண்டு வருஷமாக அந்த மனிதருக்கு வயிறு நிறையவில்லை என்பதை ஊர் முழுக்க நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பரிமாறிக்கொண்டிருந்த நானும் பார்த்தேன். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

முடிந்ததும் மூவரும் எல்லோர் நெற்றியிலும் சிலுவை போட்டார்கள். வீட்டுக்காரர் முழங்கால் போட்டார். நானும் போட்டேன். மற்றவர்களுக்குப் போட்ட மாதிரியே மாமனார் எங்களுக்கும் சிலுவை போட்டார்.

வீட்டுக்குத் திரும்பியபோது விருந்தில் அவருக்குக் கொடுத்த வேட்டி துண்டை நான் வாங்கிக்கொண்டேன். மெதுவாக நடந்தோம். கொட்டகைப் பக்கம் அவர் திரும்பியபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையைப் பிடித்தேன்.

"மாமா, பண்ணது தப்பு. நாளையிலேர்ந்து உள்ள வந்துடுங்க. எங்களோட சாப்டுங்க, உள்ளயே படுங்க" என்றேன். உள்ளத்திலிருந்துதான் சொன்னேன்.

அவர் நின்றார். என்னைப் பார்த்தார், கோபமே இல்லை.

"உள்ள வந்துட்டா கார்டு போயிடுமேம்மா. பணமும் நின்னுடும். இன்னிக்கு வேற ஊரே பாத்துகினு கீது, எவனாவது எழுதிப் போட்டுடுவான். பாப்பாவ நர்சிங் சேக்கணும்னு சொல்லிகினு இருந்தியே."

கிண்டலாகச் சொன்னாரா என்று அவர் முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இல்லை. எனக்குத் தெரியாத ஒன்றை எனக்குச் சொல்லித் தருகிற மாதிரி பொறுமையாகத்தான் சொன்னார். வீட்டுக்காரர் ஏதாவது பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நர்சிங்குக்கு முதல் தவணை எவ்வளவு, அதில் முதியோர் பணம் எத்தனை மாதத்துக்கு வரும் என்று மனதுக்குள் ஒரு தடவை ஓட்டினேன். கண்ணில் தண்ணீர் இன்னும் காயவில்லை. அவர் கையை விட்டேன்.

"சரி மாமா, பாப்பா படிப்பு முடியட்டும்" என்றேன்.

மூன்று வருஷப் படிப்பு. அவளுக்கு இப்போது இரண்டாவது வருஷம் நடக்கிறது.